ஊழியப் படிப்பிலிருந்து ஆசிரியப் பயிற்சியைப் பிரித்தது தவறு

கிறிஸ்தவ ஊழியத்துக்கான பட்டப்படிப்பும் ஆசிரியர் கல்வியும் தென் தமிழ்நாட்டில் இன்று வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு அமைப்புகளின் கீழ், ஒன்றையொன்று அறியாமல் நடக்கின்றன. புளியங்குடியில் ஒரு சபைக் குடும்பத்துப் பையன் குருவாக விரும்பினால், கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் வடக்கே பஸ் ஏறி, வாசுதேவநல்லூர், ராஜபாளையம் தாண்டி மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரிக்குப் போகிறான். அவன் தங்கை டீச்சராக விரும்பினால் எதிர்த்திசையில் பாளையங்கோட்டைக்குப் போகிறாள். அவனுக்குப் பட்டம் தருவது செராம்பூர் செனட். அவளுக்குத் தருவது தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். எபிரேயம், கிரேக்கம், சபை வரலாறு, நெறியியல் எல்லாம் கற்று அவன் ஒரு சேகரத்துக்கு, அதாவது தன் பொறுப்பில் விடப்படும் சபைகளுக்கு, குருவாக வருகிறான். கிறிஸ்தவக் கல்வி என்ற பாடமும் அவன் படித்த இறையியல் இளங்கலையான பி.டி. பட்டத்தில் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் கல்வியைப் பற்றிய படிப்பு. பிள்ளைகள் முன் நின்று பாடம் நடத்தி, அதைத் தேர்ந்த ஆசிரியர் ஒருவர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துத் திருத்தும் பயிற்சி அன்று.

இந்தப் பிரிவினை இயல்பானது, வளர்ச்சியின் அடையாளம் என்பதே சபை வட்டாரங்களில் ஊறிப்போன கருத்து. ஒரே ஆள் வார நாளில் வாத்தியாராகவும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடத்தும் உபதேசியாராகவும் இருந்தது காசில்லாத காலத்தின் ஒப்பேற்றல் என்கிறார்கள். குருவின் வேலை திருவசனமும் திருவிருந்தும். வகுப்பறை நுட்பம் அவருக்கு வேண்டியதில்லை. அதைச் சேர்த்தால் இறையியல் நீர்த்துப்போகும் என்கிறார்கள். அழைப்பு இருந்தால் போதும், பட்டமே மிகை என்று அதற்கும் ஒரு படி மேலே போகிறவர்களும் உண்டு. மதச்சார்பற்ற நாட்டில் இரண்டையும் கலப்பது சட்டத்துக்கும் ஒவ்வாது என்பது கடைசி வாதம். இவற்றில் ஒன்றும் ஆராய்ந்தால் நிற்காது.

முதலில் வரலாறு. ஊழியனையும் ஆசிரியனையும் ஒரே பயிற்சியில் உருவாக்கும் முறை திருநெல்வேலிச் சீமையின் வறுமையில் பிறந்ததன்று. அது ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து வந்தது. அங்கே ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே 1690-களில் அனாதைப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் பள்ளிகள் தொடங்கியபோது, பல்கலைக்கழகத்தில் இறையியல் படித்த மாணவர்களையே ஆசிரியர்களாக அமர்த்தினார். அவர்களுக்கு உணவு இலவசம்; பதிலுக்குத் தினமும் சில மணி நேரம் வகுப்பு எடுக்க வேண்டும். இதில் சிக்கனமும் இருந்தது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஃபிராங்கே அதோடு நிற்கவில்லை. அந்த மாணவர்களுக்கென்றே ஆசிரியப் பயிற்சி நிலையம் ஒன்றை ஏற்படுத்தி, கற்பித்தலைத் தனிக் கலையாகவே பயிற்றுவித்தார். ஐரோப்பாவில் முறையான ஆசிரியப் பயிற்சியின் தொடக்கங்களில் ஒன்றாகக் கல்வி வரலாற்று நூல்கள் அதைக் குறிப்பிடுகின்றன. அதாவது, இறையியல் பட்டப்படிப்பின் மடியிலேயே ஆசிரியர் கல்வி வளர்ந்தது.

அந்த முறையைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்த மிஷனெரி சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கியவர், 1716-இல் தமிழ் உபதேசியார்களையும் பள்ளி ஆசிரியர்களையும் சேர்த்தே பயிற்றுவிக்கும் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். அதே மரபில் வந்த சி.எஸ். ஜான், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தரங்கம்பாடி வட்டாரத்தில் இலவசப் பள்ளிகள் நடத்தினார். அந்தப் பள்ளிகளின் சூழலில் வளர்ந்து, அவற்றை மேற்பார்வையிடும் பொறுப்புக்கு உயர்ந்தவர் ஜான் தேவசகாயம். அவர் 1830-இல் குருப்பட்டம் பெற்றுத் திருநெல்வேலிக்கு வந்து கடாட்சபுரத்தில் ஊழியம் செய்தார். பள்ளி மேற்பார்வையில் கற்றதை அவர் கோயில் வாசலில் கழற்றி வைத்துவிட்டு வரவில்லை. அவர் மகள் அன்னாள் சத்தியநாதன் பின்னாளில் சென்னையில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள் நடத்தியது அந்த வீட்டுப் படிப்பின் தொடர்ச்சிதான்.

செராம்பூரின் கதையும் இதையே சொல்கிறது. இன்று இறையியல் பட்டம் என்றால் செராம்பூர் என்று ஆகிவிட்டதால், அது தொடக்கத்திலிருந்தே குருமார் பட்டறையாக இருந்தது போன்ற எண்ணம் நிலவுகிறது. மிஷனெரிகளான கேரி, மார்ஷ்மன், வார்டு மூவரும் 1818-இல் அந்தக் கல்லூரியைத் தொடங்கியபோது கீழைத்தேய இலக்கியமும் மேலைநாட்டு அறிவியலும் கற்பிப்பதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம்; கிறிஸ்தவரோடு மற்ற இளைஞரும் சேரலாம் என்றே அறிவித்தார்கள். அதற்கு முன்பே வங்காளக் கிராமங்களில் அவர்கள் தாய்மொழிப் பள்ளிகளை நடத்தி, அவற்றை எப்படி நடத்துவது என்று 1816-இல் ஒரு கையேடும் வெளியிட்டிருந்தார்கள். டென்மார்க் அரசர் 1827-இல் பட்டம் வழங்கும் உரிமை கொடுத்தார். ஆனாலும் முதல் பி.டி. பட்டங்கள் 1915-இல்தான் வழங்கப்பட்டன; செராம்பூர் கல்லூரிச் சட்டம் 1918-இல் வந்தது. பள்ளி முந்தியது, பட்டம் பிந்தியது.

திருநெல்வேலியில் இந்த முறை எவ்வளவு ஆழமாக வேர்விட்டது என்பதை இரேனியஸ் காலத்திலிருந்தே பார்க்கலாம். 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த அந்த மிஷனெரி, ஊர் ஊராக உபதேசியார்களை வைத்ததோடு, குறித்த இடைவெளியில் அவர்களைப் பாளையங்கோட்டைக்கு வரவழைத்துப் பாடம் சொன்னார். தமிழிலேயே பூமி சாஸ்திரம் எழுதினார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். வேத வசனத்தைச் சொல்லப் போகிற ஆளுக்கு உலகப் படம் தெரிந்திருக்க வேண்டும் என்ற தெளிவு அவருக்கு இருந்தது. எட்வர்ட் சார்ஜென்ட் பாளையங்கோட்டையில் பல ஆண்டுகள் நடத்திய பயிற்சி நிலையத்தில் உபதேசியாராகப் போகிறவரும் வாத்தியாராகப் போகிறவரும் அக்கம்பக்கத்தில் உட்கார்ந்து படித்தார்கள். சாயர்புரத்தில் ஜி.யு. போப் நடத்திய செமினரியும் இரண்டு வேலைக்கும் ஆட்களை அனுப்பியது. மிஷனெரி ராக்லண்ட் 1854-இல் வடக்குத் திருநெல்வேலியில் சுற்று ஊழியத்தைத் தொடங்கியபோது அவரோடு ஊர் ஊராக நடந்தவர்களும் தெற்கத்திச் சபைகள் முறைவைத்து அனுப்பிய உபதேசியார்களே.

இந்த ஏற்பாட்டில் குறைகள் இருந்தன. சம்பளம் அற்பம். ஒரே அறையில் ஐந்து வகுப்பு. மிஷனெரியின் சொல்லுக்கு மறுசொல் சொல்ல உபதேசியாரால் முடியாது. அவரைக் கற்றவராக மதித்ததைவிடக் கீழ்ப்படிய வேண்டியவராக நடத்தியதே அதிகம். ஆனால் இவையெல்லாம் கூலியின் குறை, அதிகாரத்தின் குறை. பயிற்சியைச் சேர்த்ததால் வந்த குறை ஒன்றுகூட இவற்றில் இல்லை. ஒப்பேற்றல் என்று சொல்கிறவர்கள் அந்தக் குறைகளையும் பயிற்சி முறையையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அப்படியானால் பிரிவு எப்படி வந்தது? இறையியலார் கூடி யோசித்து எடுத்த முடிவன்று. 1854-இல் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை வந்தது. அதன்படி பள்ளிகளுக்கு அரசு மானியம் உண்டு. ஆனால் கணக்கு வேண்டும், ஆய்வாளர் வருவார், பயிற்சி பெற்ற ஆசிரியர் வேண்டும். மிஷன் பள்ளிகள் மானியத்தை ஏற்றன. ஏற்காமல் அத்தனை பள்ளிகளை நடத்தியிருக்க முடியாது. ஆசிரியப் பயிற்சி அரசின் விதிப்படி தனியே வளர்ந்தது. குருத்துவப் பயிற்சி சபையின் செலவில் தனியே ஒதுங்கியது. பணம் வந்த வழி இரண்டானதால் படிப்பும் இரண்டானது. பிற்காலத்தில் அந்தக் கணக்குப் புத்தகப் பிரிவுக்கே தத்துவ நியாயம் கற்பிக்கப்பட்டது. 1938-இல் தாம்பரத்தில் கூடிய உலக மிஷனெரி மாநாடு இறையியல் கல்வியின் பலவீனத்தைக் கடுமையாகச் சுட்டிக்காட்டியதும், அதன் விளைவாக சி.டபிள்யூ. ரான்சன் இந்தியா முழுவதையும் ஆராய்ந்து 1945-இல் நூல் வெளியிட்டதும் நடந்தன. அதற்குப் பிறகு பட்டங்களின் தரம் உயர்ந்தது, தமிழிலேயே பி.டி. படிக்க வழி பிறந்தது. இது பெரிய சாதனை. ஆனால் பிரிந்த கை மட்டும் மீண்டும் சேர்க்கப்படவில்லை.

இரண்டாவது வாதம், ஆசிரியப் பயிற்சியைச் சேர்த்தால் இறையியல் நீர்த்துப்போகும் என்பது. சேகரகுரு ஒருவரின் ஆண்டை எடுத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்கும். ஞாயிறு ஆராதனைப் பிரசங்கம், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆயத்த வகுப்பு, மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளி, பெண்கள் ஐக்கிய சங்கத்தில் வேதபாடம், திருமணத்துக்கு முன் மணமக்களுக்கு ஆலோசனை, ஞானஸ்நானத்துக்கு முன் பெற்றோருக்கு விளக்கம், பிஷப் வந்து பிள்ளைகளைத் திடப்படுத்தி சபையின் முழு உறுப்பினராக்குவதற்கு முந்திய மாதங்களில் திடப்படுத்தல் வகுப்பு. இதில் எது கற்பித்தல் அல்லாதது? அவர் நாள் முழுவதும் செய்யப்போகிற வேலைக்குரிய பயிற்சியை அவருடைய படிப்புக்கு அந்நியம் என்று சொல்வது விந்தையான வாதம்.

திடப்படுத்தல் வகுப்பைக் கொஞ்சம் கிட்டத்திலிருந்து பார்க்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். பள்ளி, டியூஷன் எல்லாம் முடிந்து சனிக்கிழமை பிற்பகல் வருகிறார்கள். பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானோபதேச வினாவிடை. வழக்கமாக நடப்பது என்னவென்றால், குரு விளக்குகிறார், பிள்ளைகள் கேட்கிறார்கள், வீட்டில் மனப்பாடம் செய்து அடுத்த வாரம் ஒப்பிக்கிறார்கள். நன்றாக ஒப்பிக்கிறவனுக்குப் பாராட்டு. திக்குகிறவனுக்கு முகம் வாடுகிறது. தலையணை போன்ற கட்டுரைகளை எழுதித் தேறிய குருவுக்கு, தான் சொன்னதில் பிள்ளைகளுக்கு எது புரிந்தது, எது புரியவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிவதில்லை. யாரும் அவருக்கு அதைச் சொல்லித்தரவில்லை.

பி.எட். மாணவி ஒருத்தி இதே பாடத்தை நடத்த நேர்ந்தால் முதலில் பாடக்குறிப்பு எழுதுவாள். இந்த ஒரு மணி நேரத்தின் முடிவில் பிள்ளையால் என்ன செய்ய முடிய வேண்டும் என்பது அதன் முதல் வரி. பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்ததிலிருந்து தொடங்குவாள். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையை எடுத்தால், வாட்ஸ்அப்பில் ஒரு தோழியைப் பற்றிப் பரவும் வதந்தியிலிருந்து ஆரம்பிப்பாள். நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்பாள். ஆம், இல்லை என்று முடிந்துவிடாத கேள்வியாக அது இருக்க வேண்டும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. பதில் வராவிட்டால் தானே பதிலைச் சொல்லிவிடாமல் சில நொடி காத்திருக்கப் பழகியிருக்கிறாள். இதையெல்லாம் அவள் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. நுண்ணிலைக் கற்பித்தல் என்ற பயிற்சி உண்டு. 1963-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் உருவான முறை. ஒரே ஒரு திறன், ஐந்தாறு நிமிடம், சக மாணவர்கள் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள், அதே பகுதியைத் திரும்ப நடத்த வேண்டும். கேள்வி கேட்பது ஒரு திறன். தொடங்குவது ஒரு திறன். முடிப்பது இன்னொரு திறன். அதன்பின், தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, இரண்டு ஆண்டுப் படிப்பில் 20 வாரங்கள் உண்மையான பள்ளியில் இருக்க வேண்டும். அவற்றில் 16 வாரங்கள் இரண்டாம் ஆண்டில்.

இதில் எந்த அம்சம் இறையியலை நீர்க்கச் செய்யும்? பொய்ச்சாட்சிக் கட்டளையின் எபிரேய மூலத்தையும், பழைய இஸ்ரவேலில் ஊர்வாசலில் நடந்த வழக்கு விசாரணையையும் அறிந்த குரு, அந்த அறிவை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வதந்தி அனுபவத்தோடு இணைக்கக் கற்றால், அவருடைய எபிரேயம் வீணாகாது. அப்போதுதான் அதற்கு வேலையே வருகிறது. பிரசங்கத்துக்குத் தனிப் பயிற்சி உண்டு, மாணவன் சிற்றாலயத்தில் பிரசங்கிக்கச் சகமாணவர் மதிப்பிடுவது உண்டு. அதை யாரும் நீர்ப்பு என்று சொல்வதில்லை. ஒருவழிப் பேச்சுக்குப் பயிற்சி வேண்டும், இருவழிப் பேச்சுக்கு வேண்டாம் என்பது என்ன நியாயம்?

மற்ற சபை மரபுகளைப் பார்த்தாலும் இந்தப் பிரிவினை தவிர்க்க முடியாத விதியன்று என்பது தெரியும். 1599-இல் கல்வி முறைக்கென விரிவான விதிநூல் வகுத்த இயேசு சபையில், குருத்துவத்துக்குப் படிக்கும் இளைஞர் தத்துவப் படிப்புக்கும் இறையியல் படிப்புக்கும் நடுவில் களப்பணி ஆண்டுகளைக் கழிக்கிறார். பெரும்பாலும் அது பள்ளியில் பாடம் நடத்துவதுதான். பாளையங்கோட்டையில் 1950-இல் புனித சவேரியார் கல்வியியல் கல்லூரியைத் தொடங்கியவர்களும் அவர்களே. கத்தோலிக்கக் கன்னியர் மடங்களில் பி.எட். முடித்த சகோதரி சர்வசாதாரணம். அங்கே யாரும் அவர்களுடைய துறவு நீர்த்துவிட்டதாகச் சொல்வதில்லை.

பிரிவினையால் அதிகம் இழந்தவர்கள் பெண்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். உபதேசியார் வீட்டில் அவர் மனைவி பெண் பிள்ளைகளுக்கு எழுத்தும் தையலும் வேதமும் சொல்லிக்கொடுத்த காலத்தில், அவளும் ஊழியத்தின் பங்காளியாக இருந்தாள். ஊழியப் படிப்பு குருப்பட்டத்தோடு கட்டுண்டு ஆண்களுக்குரியதாகத் தனித்தபோது, பெண்களுக்குப் பெரிதும் திறந்திருந்த கதவு ஆசிரியப் பயிற்சிதான். சாராள் தக்கர் பெயரிலான நிறுவனம் பாளையங்கோட்டையில் பெண்களை ஆசிரியைகளாக்கி, 1895-இல் கல்லூரியாக உயர்ந்து, தலைமுறை தலைமுறையாகச் செய்த தொண்டை எழுத்தில் அடக்க முடியாது. ஆனால் சபையில் மிகத் திறமையாகக் கற்பிக்கத் தெரிந்தவர்கள் பெண்களாகவும், கற்பிக்கும் அதிகாரம் உள்ளவர்கள் ஆண்களாகவும் பிரிந்து நின்றார்கள். இன்றும் ஓய்வுநாள் பள்ளியை நடத்துவது பெரும்பாலும் பள்ளிக்கூட டீச்சர்கள்தான். திடப்படுத்தல் வகுப்பு மட்டும் குருவிடம். பாடம் நடத்துவதே தொழிலாகக் கொண்ட அவர்களிடம் குரு எதையாவது கற்றுக்கொள்ளலாம் என்ற எண்ணம் சேகரக் கமிட்டிக்கு எழுவது அரிது.

அழைப்பு இருந்தால் போதும் என்பவர்கள் தவறாமல் எடுத்துக்காட்டும் பெயர் வி.எஸ். அசரியா. வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்தவர். சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தும் பி.ஏ. பட்டம் பெறவில்லை. இறையியல் பட்டமும் இல்லை. ஆனாலும் 1912-இல் தோர்ணக்கல்லின் பிஷப்பாக, ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பிஷப்பாக உயர்ந்தார். உதாரணம் உண்மை, அதிலிருந்து பெறப்படும் முடிவுதான் பொய். பட்டமில்லாத அசரியா பயிற்சியில்லாதவர் அல்லர். ஒய்.எம்.சி.ஏ. செயலாளராகப் பல ஆண்டுகள் ஊர் ஊராகச் சென்று இளைஞர்களுக்கு வேதபாடம் நடத்திப் பழகியவர். பிஷப்பான பிறகு தெலுங்குக் கிராமச் சபைகளுக்கு ஆள் தேவைப்பட்டபோது, அழைப்பு போதும் என்று அவர் ஆட்களை அனுப்பிவிடவில்லை. தோர்ணக்கல்லில் பயிற்சிப் பள்ளி அமைத்தார். ஆட்களைக் குடும்பத்தோடு தங்கவைத்துப் படிக்கவைத்தார், மனைவிமாருக்கும் படிப்பு. கிராமத்தில் எழுத்தறிவிப்பதும் ஆராதனை நடத்துவதும் ஒரே ஆளின் ஒரே வேலையாக அங்கே இருந்தது. அசரியாவைச் சாட்சிக்கு அழைக்கிறவர்கள் அவர் செய்ததையும் கேட்க வேண்டும்.

எஞ்சுவது சட்ட வாதம். அரசியல் சாசனத்தின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமய போதனையைத் தடை செய்கிறது. அரசு உதவி பெறும் பள்ளியில் மாணவரின் சம்மதமும், சிறார் என்றால் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதமும் வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். இந்துக்களும் இஸ்லாமியரும் கிறிஸ்தவரும் ஒரே கடைத்தெருவில் புழங்கும் புளியங்குடி போன்ற ஊரில், ஊர்ப்பிள்ளைகள் அனைவரும் படிக்கும் உதவிபெறும் பள்ளிக்கு அந்தச் சட்டம் காவல். ஆனால் அது தடுப்பது வகுப்பறையில் சமயத்தைத் திணிப்பதை. சபைக்குள் கற்பிக்கப்போகிற குரு நன்றாகக் கற்பிக்கப் பழகுவதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இரண்டு உத்தியோகத்தை ஒருவர் தலையில் கட்டுவது வேறு. இரண்டு பயிற்சியை ஒருவருக்குத் தருவது வேறு. பழைய உபதேசியார் முறையை அப்படியே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பதன்று இங்கே வாதம். பள்ளிக்கூடத்தின் உள்ளே இருந்து அதன் நெறிகளைக் கற்ற குரு, சபைப் பள்ளியின் தாளாளர் நாற்காலியில் உட்காரும் நாளில் எது பள்ளியின் எல்லை, எது சபையின் எல்லை என்பதை மற்றவரைவிடத் தெளிவாக அறிந்திருப்பார். கலப்பைப் பற்றிய அச்சம் உண்மையான அச்சம் என்றால், அதற்கு மருந்தும் இந்தப் பயிற்சியிலேயே இருக்கிறது.

நேரம் எங்கே, பணம் எங்கே என்று கேட்பார்கள். பட்டதாரிக்கு நான்கு ஆண்டு, மேல்நிலைப் பள்ளி முடித்தவருக்கு ஐந்து ஆண்டு என்று பி.டி. ஏற்கெனவே நீளம்தான். புதிய ஆண்டு எதுவும் கூட்ட வேண்டியதில்லை. இறையியல் மாணவர்கள் இப்போதே வார இறுதிகளில் சபைகளுக்கு அனுப்பப்படுகிறார்கள். மாணவர்களை வளாகத்துக்கு வெளியே எளிய மக்களிடையே தங்கவைத்துப் படிக்கவைக்கும் முறைக்கு அரசரடிக் கல்லூரி பெயர்பெற்றது. அந்த நாட்களில் மாணவன் நடத்தும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை, கல்வியியல் கல்லூரியில் பயிற்றுவிக்கும் ஆசிரியர் ஒருவரோ, பணிநிறைவு பெற்ற தலைமையாசிரியை ஒருவரோ நேரில் பார்த்து, பாடக்குறிப்பைத் திருத்தி, மதிப்பெண் இட்டால் தொடக்கத்துக்குப் போதும். அந்த மதிப்பெண் பட்டத்துக்கான கணக்கில் சேர வேண்டும். சேராத எதையும் மாணவர் பொருட்படுத்த மாட்டார். மேற்படிப்பில் கிறிஸ்தவக் கல்வியை எடுத்து ஆராய்கிறவர், நூலகத்தோடு நிற்காமல், ஒரு சேகரத்தின் திடப்படுத்தல் வகுப்பை ஓராண்டு முழுவதும் தொடர்ந்து பார்த்து அதன் மேல் ஆய்வேடு எழுத வேண்டும். திருநெல்வேலித் திருமண்டலத்தின் டி.டி.டி.ஏ. பள்ளிகளில் அப்படிப்பட்ட மேற்பார்வைக்குத் தகுதியான ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் பலர் ஞாயிறுதோறும் அதே கோயில்களில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களை இறையியல் கல்லூரியின் தேர்வுக் குழுவில் உட்காரவைக்க ஒரு தீர்மானம் போதும்.